வெள்ளி முளைத்த தேதி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் லீஹை என்று ஓர் ஊர். சால்ட் லேக் சிட்டிக்கும் ப்ரோவோவுக்கும் நடுவில், நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் கண்ணாடிக் கட்டடங்களாக மென்பொருள் நிறுவனங்கள். ப்ராஜெக்ட் வேலையாக அங்கே நான்கு மாதம் இருந்தேன். முதல் நாளே ஊர்ப் பெயரைத் தப்பாகச் சொன்னேன். பக்கத்து இருக்கைக்காரர் திருத்தினார். ஏதோ செவ்விந்தியப் பெயர் என்று நினைத்திருந்தேன். இல்லையாம். கி.மு. 600 வாக்கில் எருசலேமை விட்டுக் குடும்பத்தோடு கிளம்பி, பாலைவனம் தாண்டி, கப்பல் கட்டி, அமெரிக்கக் கண்டத்துக்கு வந்து சேர்ந்த தீர்க்கதரிசியின் பெயராம். மோர்மன் நூல் அவரிடம்தான் தொடங்குகிறது. மாநில வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் நீஃபை, மொரோனை என்று ஊர்கள். எல்லாம் அதே புத்தகத்து ஆட்கள்.

எனக்கு இது விநோதமாகப் படவில்லை. என் ஊர் வ. புதுப்பட்டி. வத்திராயிருப்புக்குப் பக்கத்துப் புதுப்பட்டி என்பதன் சுருக்கம் அந்த ‘வ’. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம், தென்னையும் நெல்லும். சாமான் வாங்க, சினிமா பார்க்க, பத்திரப் பதிவுக்கு, தேர் பார்க்க, எல்லாத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர். பெண் குழந்தைக்குக் கோதை என்றும் கடைக்கு ஆண்டாள் என்றும் பெயர் வைக்கிற பூமி. ஒரு பாட்டுப் புத்தகத்தின் மேல் ஊர் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

அந்தப் பக்கத்து இருக்கைக்காரர் மோர்மன் குடும்பத்தில் பிறந்தவர். பதினெட்டு முடிந்ததும் வெள்ளைச் சட்டையும் டையும் கட்டிக்கொண்டு இரண்டு வருடம் ஊழியத்துக்குப் போய்வந்தவர். இப்போது நம்பிக்கை பாதி, கேள்வி பாதி என்ற நிலை. மதிய உணவில் ஒருநாள் அவர் கேட்டார்: “நம்புகிறவனும் நம்பாதவனும் ஒரே மேசையில் உட்கார்ந்து, கோபப்படாமல், வரி வரியாகப் பார்க்கிற புனித நூல் ஏதாவது உங்களிடம் உண்டா?” நிறைய உண்டு என்று சொல்லிவிட்டேன். எந்த மேசை, யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அடுத்துக் கேட்டார். சட்டென்று பதில் வரவில்லை. இந்தக் கட்டுரை அன்றைக்கு வராத பதிலின் மிச்சம்.

மோர்மன் நூலின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியூயார்க் மாநிலத்தின் பால்மைராவில் ஜோசப் ஸ்மித் என்ற விவசாயி மகன். மொரோனை என்ற தேவதூதர் தோன்றி, பக்கத்துக் குன்றில் தங்கத் தகடுகளில் எழுதிய நூல் புதைந்திருப்பதாகச் சொன்னார் என்பது அவர் வாக்குமூலம். 1827ல் தகடுகள் கைக்கு வந்தன. அவர் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதினார். முதலில் எழுதிய 116 பக்கங்கள் 1828ல் தொலைந்துபோயின. இப்போது இருக்கும் நூலின் பெரும்பகுதி 1829ல் ஏப்ரலில் தொடங்கி மூன்றே மாதத்துக்குள் சொல்லி முடிக்கப்பட்டது. 1830ல் 5000 படிகள் அச்சாயின. தகடுகள்? தேவதூதர் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அதாவது மூலப் பிரதி இல்லை. ஆராய்ச்சிக்காரனுக்கு மிஞ்சுவது மொழிபெயர்ப்பு மட்டும். நல்லவேளை அல்லது கெட்டவேளை, ஜோசப் ஸ்மித்தின் இன்னொரு நூலான ஆபிரகாமின் புத்தகத்துக்கு மூலமாக இருந்த எகிப்தியப் பாப்பிரஸ் துண்டுகள் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் அகப்பட்டு, 1967ல் திருச்சபை கைக்கு வந்தன. படித்த எகிப்தியவியலாளர்கள் இது ஹோர் என்ற பூசாரியின் சவச்சடங்கு ஏடு, ஆபிரகாம் இதில் எங்கும் இல்லை என்றார்கள். மூலம் கிடைக்கும் இடத்தில் நம்பிக்கைக்கு இப்படி ஒரு ஆபத்து உண்டு. மோர்மன் நூலுக்கு அந்த ஆபத்து இல்லை, அந்த வசதியும் இல்லை.

அப்படியானால் என்னதான் செய்வது? முதல் தலைமுறை ஆராய்ச்சி முழுக்க வழக்கறிஞர் பாணி. கொலம்பஸுக்கு முந்தைய அமெரிக்காவில் குதிரை ஏது, எஃகு ஏது என்று ஒரு பக்கம் கேட்கும். அதற்கு மறுபக்கம் பதில் தேடும். 1967ல் ஜான் வெல்ச் என்ற இளம் மோர்மன், நூலின் பத்திகள் அ-ஆ-இ-ஆ-அ என்று கண்ணாடி போல மடங்கி வருவதைக் கண்டுபிடித்தார். எபிரேயச் செய்யுளில் வரும் உத்தி அது, ஆக நூல் பழையது என்றார்கள். இந்த மாதிரி மடிப்பு எங்கே தேடினாலும் கொஞ்சம் கிடைக்கும் என்றது எதிர்த்தரப்பு. செவ்விந்தியர்களின் மரபணு ஆசியாவைக் காட்டிய பிறகு, திருச்சபை 2006 பதிப்பின் முன்னுரையில் ஒரு சொற்றொடரை மெதுவாக மாற்றியது. நூலில் வரும் ஒரு குலத்தார் செவ்விந்தியர்களின் ‘முதன்மையான’ மூதாதையர் என்று முன்பு இருந்தது. ‘மூதாதையரில் சிலர்’ என்ற பொருளுக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு சொல்தான். சிலநேரம் எங்கள் வேலையிலும் கோடில் ஒரு வரியை மாற்றிவிட்டு, எந்த அறிவிப்பும் இல்லாமல் ரிலீஸ் செய்வோம். எதற்காக என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

என் தொழிலுக்கு நெருக்கமான இன்னொரு சண்டையும் உண்டு. எழுதியது யார் என்று கம்ப்யூட்டரைக் கேட்பது. 1980ல் ப்ரிகம் யங் பல்கலைக்கழகத்தின் புள்ளியியலாளர்கள், இணைப்புச் சொற்களை எண்ணிப் பார்த்து, நூலுக்குப் பல ஆசிரியர்கள், அதில் யாரும் ஜோசப் ஸ்மித் இல்லை என்றார்கள். 2008ல் ஸ்டான்ஃபோர்ட் குழு ஒன்று வேறு முறையில் செய்து, பெரும்பகுதி சிட்னி ரிக்டன், சாலமன் ஸ்பால்டிங் என்ற 19ஆம் நூற்றாண்டு ஆட்களுடைய நடை என்றது. 2011ல் மறுப்பு வந்தது. மறுப்பின் சாரம் மிஷின் லேர்னிங் படித்த யாருக்கும் புரியும். பூனை, நாய் படங்களை மட்டும் காட்டிப் பழக்கிய நிரலிடம் ஆட்டுப் படத்தைக் கொடுத்தால் அது ‘ஆடு’ என்று சொல்லாது, ‘நாய்’ என்று அடித்துச் சொல்லும். பட்டியலில் இல்லாத ஒருவர் எழுதியிருக்கலாம் என்ற வாய்ப்பையே முறை அனுமதிக்கவில்லை.

இந்தக் கூச்சலுக்கு நடுவில் இருவர் வேறு வேலை பார்த்தார்கள். ராயல் ஸ்கௌசன் என்ற மொழியியல் பேராசிரியர், நம்பிக்கையுள்ள மோர்மன், 1988ல் பாடபேத ஆய்வைத் தொடங்கினார். சொல்லச் சொல்ல எழுதிய முதல் கைப்பிரதியை 1841ல் நாவூ என்ற ஊரில் ஒரு கட்டடத்தின் மூலைக்கல்லுக்குள் வைத்திருந்தார்கள். நாற்பது வருடம் கழித்துத் திறந்தபோது தண்ணீர் இறங்கி மட்கியிருந்தது. மிச்சம் 28 சதவீதம். அதையும் அச்சகத்துக்குப் போன இரண்டாம் பிரதியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு 2009ல் யேல் பல்கலைக்கழக அச்சகம் வழியாக ஒரு பதிப்பு கொண்டுவந்தார். இன்னொருவர் கிராண்ட் ஹார்டி. அவரும் நம்பிக்கையாளர். 2010ல் ஆக்ஸ்ஃபோர்ட் வெளியிட்ட புத்தகத்தில் அவர் சொன்னது இவ்வளவுதான்: எழுதியது பழங்காலத் தீர்க்கதரிசியோ ஜோசப் ஸ்மித்தோ, அதைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம், இந்தக் கதைசொல்லிகள் எதைச் சொல்கிறார்கள், எதை மறைக்கிறார்கள் என்று வாசிப்போம். பக்கத்து இருக்கைக்காரர் சொன்ன மேசை இதுதான்.

இனி நம் மேசை.

ஆண்டாள் விஷயத்திலும் வழக்கு அதே இடத்தில்தான் தொடங்குகிறது. எழுதியது யார்? ஆண்டாள் என்று ஒருத்தி வாழவே இல்லை, பெரியாழ்வார் படைத்த கற்பனைதான் அவள் என்று நினைத்தவர்களில் ராஜாஜியும் ஒருவர். நாத்திகர் இல்லை, ஆழ்ந்த வைணவப் பற்றுள்ளவர். இது கேட்க அதிர்ச்சியாக இருந்தாலும் வாதம் மட்டமானதில்லை. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகிப் பாடினார், திருமங்கையாழ்வார் பரகால நாயகியானார். பெரியாழ்வாரே யசோதையாகி, பிள்ளைக்குத் தாலாட்டும் நீராட்டும் பாடியவர். தாயாக முடிந்தவருக்கு மகளாக முடியாதா? திருப்பாவை, நாச்சியார் திருமொழி இரண்டின் கையெழுத்துப் பாசுரங்களிலும் வில்லிபுத்தூர்ப் பட்டர்பிரானின் கோதை என்று தகப்பன் பெயர் சேர்ந்தே வருகிறது. ‘ஆண்டாள்’ என்ற பெயர் பாட்டில் இல்லை, அது பின்னால் வந்தது.

மறுபக்கம், பெரியாழ்வார் திருமொழியில் ஒரு பாட்டு உண்டு. ஒரே ஒரு மகள் எனக்கு, செல்லமாக வளர்த்தேன், திருமால் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்று ஒரு தாய் புலம்புவது. பக்தர்களுக்கு இது சாட்சி: அரங்கனிடம் மகளைக் கொடுத்துவிட்டு வெறும் வீட்டுக்குத் திரும்பிய அப்பாவின் அழுகை. தமிழ்ப் பேராசிரியர்களுக்கு இது நற்றாய் இரங்கல், சங்க காலத்திலிருந்து வருகிற துறை. உடன்போக்குப் போன மகளுக்காக எத்தனையோ தாய்கள் அகப்பாட்டில் அழுதிருக்கிறார்கள், எல்லோருக்கும் நிஜ மகள் இருந்தாளா என்ன? எனக்கு இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாகலாம் என்று படுகிறது. மரபில் தயாராக இருக்கிற துறையை ஒருவன் தன் சொந்தத் துக்கத்துக்கு எடுத்துக்கொள்வதை எந்த இலக்கணம் தடுத்தது?

கம்ப்யூட்டரைக் கேட்கலாமே என்று ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தேன். பெரியாழ்வார் 473 பாசுரம், ஆண்டாள் 30ம் 143ம் ஆக 173. தரவு கைக்கடக்கம். ஆனால் மாலைக்குள் விட்டுவிட்டேன். யாப்பு சொல்லைத் தேர்ந்தெடுக்கிறது, எதுகை சொல்லைத் தேர்ந்தெடுக்கிறது. ஆள் எங்கே தேர்ந்தெடுக்கிறான் என்று பிரிக்க எனக்கு வழி தெரியவில்லை. தவிர, பட்டியலில் இரண்டே பேர். பூனை, நாய் கதைதான்.

ஆள் இருந்தாளா என்பதைவிட எப்போது இருந்தாள் என்ற கேள்வி இன்னும் ருசியானது. மரபுப்படி ஆண்டாள் பிறந்தது கலி 98, நள வருடம், ஆடிப் பூரம். கலி தொடக்கம் கி.மு. 3102 என்பதால் ஐயாயிரம் வருடத்துக்கு முன். 1926ல் மு. இராகவையங்கார் ‘ஆழ்வார்கள் காலநிலை’யில் இந்தக் கணக்கைத் தள்ளிவைத்துவிட்டுப் பாட்டுக்குள்ளேயே போனார். திருப்பாவையின் 13ஆம் பாசுரத்தில், தூங்குகிற தோழியை எழுப்ப வந்தவள், வெள்ளி கிளம்பியாச்சு, வியாழன் போய்ப் படுத்தாச்சு என்கிற மாதிரி சொல்கிறாள். முதல் பாசுரத்தில் மார்கழி, முழுநிலா நாள். மூன்றையும் சேர்த்தால் வானத்தில் ஒரு குறிப்பிட்ட காட்சி: கிழக்கில் வெள்ளி உதிக்க, மேற்கில் வியாழன் மறைய, பௌர்ணமி. இது நடந்த நாள் கி.பி. 731 டிசம்பர் 18 என்று அவர் முடிவுக்கு வந்தார். உரையாசிரியர்கள் அதே அடியை விடிந்ததற்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டு மேலே போயிருந்தார்கள். இவர் நின்று வானத்தைப் பார்த்தார். இது நடந்தது கால்குலேட்டர் இல்லாத காலம். திதி, நட்சத்திரத்தை ஆங்கிலத் தேதியாக்க எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை எழுதிய பெரும் பஞ்சாங்கத் தொகுதிகள் வந்ததே 1922ல்தான்.

என்னிடம் ஸ்டெல்லேரியம் இருக்கிறது. இலவச மென்பொருள். ஸ்ரீவில்லிபுத்தூரின் அட்சரேகையைக் கொடுத்து, வருடத்தை 731 என்று தட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், மயிர்க்கூச்செறிந்தது. அதிகாலை நாலு மணிக்குச் சற்று முன். கிழக்கே வெள்ளி மேலே வந்துகொண்டிருக்கிறது. நேர் எதிரே மேற்கு அடிவானத்தைத் தொடப்போகிறது வியாழன். அதற்கு மேலே கிட்டத்தட்ட முழு நிலா. பாட்டில் உள்ள வானம் திரையில் இருந்தது. நிதானமாக இரண்டு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு தொழில்புத்தி எட்டிப் பார்த்தது. ஒரு டெஸ்ட் கேஸ் பாஸ் ஆனால் போதுமா? வியாழன் சூரியனைச் சுற்றிவர 11.86 வருடம், ஏறத்தாழ 12. வெள்ளியின் காட்சி 8 வருடத்துக்கு ஒருமுறை அதே தேதியையொட்டித் திரும்பும். 24 வருடம் இரண்டுக்கும் பொது. அப்படியென்றால் 731க்கு 24 வருடம் முன்னால்? 707 டிசம்பர் 14 வாக்கில் பௌர்ணமி. வியாழன் மறைந்து கொஞ்ச நேரத்தில் வெள்ளி உதிக்கிறது. ஒருவகையில் பாட்டுக்கு இது இன்னும் பொருத்தம், வியாழன் முழுதாகவே தூங்கிவிட்டது. இன்னொன்று. டிசம்பர் 18, 731 நம் சூரிய மாதக் கணக்கில் மார்கழி பிறந்து இருபது நாளுக்கு மேல் ஆன நாள். நோன்பு தொடங்கும் முதல் பாட்டில் நிறைநிலா என்றால், அது மாதத்தின் கடைசி வாரத்தில் என்ன செய்கிறது? பௌர்ணமிக் கணக்கு மாதம் என்று கொண்டால் சரியாகிவிடும். ஆனால் அப்படிக் கொள்ள வேண்டும் என்பது நம் முடிவு, பாட்டு சொல்லவில்லை. அதோடு முதல் பாட்டும் பதின்மூன்றாவது பாட்டும் ஒரே நாளில் நடப்பவையா? முப்பது பாட்டை முப்பது விடியலுக்குப் பாடுகிற ஊர் இது.

இதனால் இராகவையங்கார் தோற்றுவிட்டார் என்று நான் சொல்லவில்லை. அவர் பாட்டைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார், பாட்டு பதில் சொன்னது. என்ன கேள்வி கேட்டோம் என்பதையும் சேர்த்துப் பதிவு செய்யவேண்டும், அவ்வளவுதான். ஜான் வெல்ச்சின் கண்ணாடி மடிப்பும் இதேதான். தேடினால் கிடைக்கிறது. தேடாத இடத்திலும் எத்தனை தடவை கிடைக்கிறது என்று எண்ணாதவரை அதன் எடை தெரியாது.

இதே இராகவையங்கார் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதியில் பண்டிதர். அந்த அகராதிக்குப் பதிப்பாசிரியராக வந்த வையாபுரிப் பிள்ளை, பெரியாழ்வாரையும் ஆண்டாளையும் 9ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுவந்தார். பெரியாழ்வார் திருமாலிருஞ்சோலைப் பாட்டில் நெடுமாறன் என்ற பாண்டியனைச் சொல்கிறார். எந்த நெடுமாறன் என்பதில்தான் எல்லாம். ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் என்றால் 9ஆம் நூற்றாண்டு, முந்தையவர் ஒருவர் என்றால் 8ஆம் நூற்றாண்டு. ஒரே அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரே அகராதிக்குச் சொல் சேர்த்தவர்கள், ஒரு பெண்ணின் வயதில் நூற்றைம்பது வருடம் வேறுபட்டார்கள். யாரும் யார் கொடும்பாவியையும் எரிக்கவில்லை. அந்த மேசையை நான் லீஹையில் சொல்லியிருக்கலாம்.

தொலைந்த பிரதி விஷயத்திலும் நாம் குறைந்தவர்கள் இல்லை. நாலாயிரமே தொலைந்து மீண்ட நூல். குடந்தைப் பெருமாள் மேல் யாத்ரீகர்கள் பாடிய பத்துப் பாட்டைக் கேட்டு, முடிவில் இது ஆயிரத்தில் பத்து என்று வருவதைப் பிடித்துக்கொண்டு, மிச்சம் எங்கே என்று நாதமுனிகள் குருகூர் போனார். அங்கே மதுரகவியின் பாட்டைப் பன்னிரண்டாயிரம் முறை ஓத, நம்மாழ்வாரே தோன்றி நாலாயிரத்தையும் கொடுத்தார் என்பது குருபரம்பரைக் கதை. தகடும் தேவதூதரும் இல்லாத குறைதான். சைவத்திலோ சிதம்பரத்துப் பூட்டிய அறை, கரையான் தின்ற தேவார ஏடு. மிஞ்சியது போதும் என்று அசரீரி சொன்னதாக ஐதீகம். நாவூ மூலைக்கல்லுக்குள் மட்கிய முக்கால் பங்குக்கு அப்படி எந்த அசரீரியும் வரவில்லை, ஸ்கௌசன்தான் வந்தார்.

இப்போது நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த இடம்.

2018 ஜனவரி 7. ராஜபாளையத்தில் கவிஞர் வைரமுத்து ஆண்டாள் பற்றிக் கட்டுரை வாசித்தார், அது தினமணியில் வந்தது. பெரும்பகுதி புகழ்ச்சி. நடுவில், ஓர் ஆய்வு நூலிலிருந்து ஒரு வாக்கியத்தை மேற்கோள் காட்டினார்: ஆண்டாள் திருவரங்கம் கோயிலில் வாழ்ந்து மறைந்த தேவதாசி என்று. பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஆர்ப்பாட்டம், வழக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் ஜீயர் உண்ணாவிரதம். கவிஞரும் பத்திரிகையும் வருத்தம் தெரிவித்தார்கள்.

பொங்கலுக்கு நான் ஊரில் இருந்தேன். என் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முப்பது பாட்டும் தெரியும். கோயில் ஒலிபெருக்கியில் மார்கழி மார்கழியாகக் கேட்டே ஏறியது. எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டால் பாதிக்குத் தெரியாது, ஆனால் வரிசை பிசகாது. டிவியில் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் பெரிய படிப்பாளி மாதிரி, “ஆராய்ச்சின்னா அப்படித்தான் அப்பத்தா, கேள்வி கேப்பாங்க, அதுக்கு ஏன் சண்டை போடணும்” என்றேன்.

“கேக்கட்டும்யா, வேணாங்கல. சொன்னவன் யாரு? பாத்தானா? இல்ல பாத்தவுக யார்ட்டயும் கேட்டானா?”

“புஸ்தகத்துல இருக்கு.”

“நீ படிச்சியா அந்தப் புஸ்தகத்த?”

படிக்கவில்லை. நான் அந்த வாக்கியத்துக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தேன், அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல். தெரு முழுக்கக் கத்திக்கொண்டிருந்தவர்களுக்கும் எனக்கும் அந்த ஒரு விஷயத்தில் வித்தியாசமில்லை.

பிறகு தேடினேன். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக நூல் என்று சொல்லப்பட்டது, சிம்லாவில் உள்ள இந்திய உயராய்வு நிறுவனம் 1978ல் வெளியிட்ட தொகுப்பு. தொகுத்தவர் சுபாஷ் சந்திர மாலிக். அந்த வாக்கியம் அவருடையதும் இல்லை, தொகுப்புக்குள் எம்.ஜி.எஸ். நாராயணனும் கேசவன் வெளுதாட்டும் எழுதிய கட்டுரையில் வருகிறது. இருவரும் கேரளத்தின் மதிப்புமிக்க வரலாற்றாசிரியர்கள். கட்டுரை தென்னிந்திய பக்தி இயக்கம் முழுமையையும் பற்றியது. இண்டியானா எப்படி வந்தது? என் ஊகம், கூகுள் புக்ஸ். எந்த நூலகத்துப் பிரதி ஸ்கேன் ஆனதோ அந்தப் பல்கலையின் பெயர் அங்கே ஓரத்தில் நிற்கும். நூலகத்தின் முத்திரை பதிப்பகத்தின் முத்திரையாக மாறிவிட்டது போலிருக்கிறது. சிம்லா என்று சொல்லியிருந்தால் இவ்வளவு கனம் இருந்திருக்காதோ என்னவோ.

ஒரு வரலாற்றாசிரியன் இடைக்காலக் கோயில் பற்றி எழுதும்போது தேவதாசி என்ற சொல்லை எழுதுவதில் குற்றமில்லை. கோயிலுக்குத் தன்னைக் கொடுத்துக்கொண்ட பெண்கள் அந்நாளில் நிலம் தானம் செய்து, கல்வெட்டில் பெயர் பொறித்து, மதிப்போடு இருந்தார்கள். பின்னாளில் அந்தச் சொல்லின் மேல் ஏறிய இழிவை அவர்கள் மேல் ஏற்ற முடியாது. ஆனால் ஆண்டாளை அவர்களில் ஒருத்தி என்று சொல்ல என்ன ஆதாரம்? பாட்டில் இல்லை. சமகாலக் கல்வெட்டு எதுவும் சொல்லவில்லை. அரங்கனிடம் போய்ச் சேர்ந்த குருபரம்பரைக் கதையைச் சமூகவியல் மொழியில் பெயர்த்தால் அந்த வாக்கியம் கிடைக்கும். நம்புகிறவர்களின் கதையை எடுத்து, நம்பாதவர்களின் அகராதியில் மொழிபெயர்த்து, அதை வரலாறு என்பது. கலி 98ஐ ஏற்காத நான் இதை மட்டும் ஏன் ஏற்கவேண்டும்?

இன்னொரு வழி உண்டு. கிராண்ட் ஹார்டியின் புத்தகம் வந்த அதே 2010ல், அதே ஆக்ஸ்ஃபோர்ட் வெளியீடாக, அர்ச்சனா வெங்கடேசனின் மொழிபெயர்ப்பு வந்தது: திருப்பாவையும் நாச்சியார் திருமொழியும், விரிவான குறிப்புகளோடு. அவர் ஆண்டாள் இருந்தாளா என்ற வழக்கில் நேரம் செலவிடுவதில்லை. இந்தக் குரல் என்ன செய்கிறது, உரைமரபு அதை எப்படிக் கேட்டது, எங்கே கேட்காமல் நகர்ந்தது என்று பார்க்கிறார். நாச்சியார் திருமொழியின் உடலை, அதன் கோபத்தை, மனிதர் யாருக்கும் என்னைப் பேசினால் வாழமாட்டேன் என்ற பிடிவாதத்தைக் கண்ணைத் திருப்பிக்கொள்ளாமல் படிக்கிறார்.

மோர்மன் நூலுக்கு நேர்த் தம்பி என்று சொல்லத்தக்க ஒரு நூலும் நம்மிடம் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து தெற்கே போய்க் கன்னியாகுமரியைத் தொட்டால் சாமித்தோப்பு. 1809ல் பிறந்த முத்துக்குட்டி, 1833ல் திருச்செந்தூர்க் கடலுக்குள் போய் வைகுண்டராக வெளியே வந்தார் என்பது அய்யாவழியினர் நம்பிக்கை. நாராயணர் எழுப்பிச் சொல்ல, சீடர் அரிகோபாலன் 1841ல் ஏட்டில் எழுதியது அகிலத்திரட்டு அம்மானை. அச்சில் வர 1939 ஆனது. இங்கே இறைவன் சொல்ல ஓர் எளிய ஆள் எழுதினான், அங்கே 1829ல் ஜோசப் ஸ்மித் சொல்ல ஒரு பள்ளி ஆசிரியர் எழுதினார். இரண்டும் ஒடுங்கிய மக்களுக்கு உலகத் தொடக்கத்திலிருந்து ஒரு வரலாறு செய்துகொடுத்தன. அகிலத்தைப் படித்த எம்.எஸ்.எஸ். பாண்டியனும் ஜி. பேட்ரிக்கும் இது நடந்ததா என்று கேட்கவில்லை. திருவிதாங்கூர் மன்னனைக் கலிநீசன் என்றும் வெள்ளைக்காரனை வெண்ணீசன் என்றும் ஒரு சாணார் நூல் அழைக்க முடிந்ததே, அது எப்படி, அது எதை மாற்றியது என்று கேட்டார்கள். பனைக்கு வரி, தலைக்கு வரி, மேலாடைக்குத் தடை இருந்த இடத்தில் ஆணைத் தலைப்பாகை கட்டச் சொல்லி, கண்ணாடி முன் நிற்க வைத்த மதம் அது.

இந்த முறை எனக்குப் பிடிக்கிறது, ஒரு குறையோடு. நடந்ததா என்று கேட்காமலே இருப்பது சிலநேரம் மரியாதை, சிலநேரம் நழுவல். பக்தனுக்கு அது நடந்ததா என்பதுதான் எல்லாம். அதைப் பேசாமல் ஓரம் வைக்கிற ஆய்வாளன், அவனோடு மேசையில் உட்கார்ந்தாலும் சாப்பிடுவதில்லை. அதனால்தான் எனக்கு இராகவையங்கார் மேல் இன்னும் பிரியம். 731 தப்பாகவே இருக்கட்டும். அந்தப் பெண் ஒரு குறிப்பிட்ட விடியலில் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தாள் என்று அவர் நம்பினார். எந்த விடியல் என்று தேடினார்.

அப்பத்தா 2021ல் போய்ச் சேர்ந்தாள். அதற்கு முந்தைய மார்கழி, வீட்டிலிருந்து வேலை என்பதால் ஊரில் இருந்தேன். ஒருநாள் விடியுமுன், ஒலிபெருக்கி தொடங்கியிருந்தது. லேப்டாப்பில் 731ஐத் திறந்து அவளிடம் காட்டினேன். இது வெள்ளி, இது வியாழன், இது நிலா, ஆண்டாள் பார்த்தது இதுவாக இருக்கலாம், இருபத்து நாலு வருஷம் முன்னாடி இன்னொரு நாளாகவும் இருக்கலாம் என்றேன். திரையை ரொம்ப நேரம் பார்த்தாள்.

“மார்கழில இம்புட்டு சுத்தமா இருக்காதேய்யா வானம். பனி மூடிக்கிடுமே. மலைப்பக்கம் வியாழன் எறங்குறது இங்கருந்து தெரியவும் செய்யாது.”

அட்சரேகை கொடுத்தவன் மேற்கே மலை இருப்பதை மறந்திருந்தேன். ஸ்டெல்லேரியத்தில் நான் வைத்துப் பார்த்த அடிவானம் தட்டை. வில்லிபுத்தூரிலிருந்து மேற்கே பார்த்தால் மலைத்தொடர், அடிவானத்துக்கு முன்னாலேயே வியாழனை விழுங்கிவிடும். அப்படியென்றால் கணக்கு சில நிமிஷம் நகரும், எந்தத் தேதி பொருந்துகிறது என்பதும் மாறலாம். மலையின் உயரக் கோணத்தை எடுத்து இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.